பூட்ஸ் கழற்றுகிற படி

வேல்ஸ் எல்லையோரம் இருக்கிற எங்கள் மார்ஸ்லி கோட்டைக்கு இப்போது போனால் வாயிற்கோபுரத்துக்கு முன்னால் ஒரு பலகை நிற்கிறது. கீழே காவலர் அறை, மேலே கோட்டைத் தலைவனின் அறை, கட்டியது அறுநூறு வருஷத்துக்கு முந்தின எட்வர்ட் ராஜா காலம். மூன்று வரியில் கதை முடிந்தது. அந்தக் காவலர் அறையில் ஹெஸ்டர் ப்ரோசர் என்று ஒருத்தி நாற்பது வருஷம் ரொட்டி சுட்டாள், பன்றித்தொடைக்கு உப்புத் தடவினாள், புருஷனோடு வாய்ச்சண்டை போட்டாள் என்பதற்கெல்லாம் பலகையில் இடமில்லையாம். எழுதினவனை நொந்து என்ன ஆகப்போகிறது? அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் ஊருக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

ஹெஸ்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வேல்ஸ்காரப் பெண். ஜார்ஜ் ராஜாவுக்கு முடிசூட்டின வருஷம் ஐவர் ப்ரோசரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். "கோட்டையில வாழப்போறாடி மகாராணி" என்று அவள் அக்காமார்கள் கிண்டல் செய்து அனுப்பினார்கள். மகாராணி வந்து பார்த்தால் கோட்டையில் கூரை என்று ஒன்று மிச்சமிருந்தது வாயிற்கோபுரத்துக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் மொட்டைச் சுவர், ஐவிக் கொடி, செம்மறி ஆடு. ராஜா கட்சிக்கும் பார்லிமெண்டு கட்சிக்கும் நடந்த பழைய சண்டையில் தோற்ற பக்கம் நின்ற கோட்டை அது. ஜெயித்தவர்கள் வெடிமருந்து வைத்துப் பிளந்துவிட்டுப் போனார்கள். விழுந்த கல்லை எங்கள் ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக அள்ளிவந்து வீடு கட்டிக்கொண்டார்கள். என் வீட்டுப் பன்றிக்கொட்டில் வாசலில் பூவேலை செய்த சன்னல் வளைவு ஒன்று இருக்கிறது. எந்தச் சீமாட்டி அதில் சாய்ந்து நின்று யாருக்காகக் காத்திருந்தாளோ, இப்போது என் பன்றி சாய்ந்து நிற்கிறது.

வாயிற்கோபுரம் என்றால் இரண்டு உருண்டைக் கோபுரங்கள், நடுவில் வண்டி போகிற வழி. கிழக்குக் கோபுரம்தான் ப்ரோசர் வீடு. எஸ்டேட் பிரபு ஐவரின் கொள்ளுத்தாத்தாவைக் கோட்டைக் காவலுக்கு வைத்தார். வெறுங்குழாயாகக் கிடந்த கோபுரத்துக்குள் உத்திரம் பாய்ச்சி, பலகை அடித்து, மேலே ஒரு மச்சு கட்டிக் குடும்பம் நடத்தினார் அந்த மனிதர். கீழே அடுப்படி, மேலே படுக்கை. சுவர் கனத்துக்குள் ஓர் ஆள் படுத்துக் கால் நீட்டலாம். குளிர்காலத்தில் எங்கள் வீடுகளில் வாளித் தண்ணீர் உறைந்துபோகும். ஹெஸ்டர் அடுப்படியில் மாவு புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும்.

அவள் அந்த வீட்டைப் புழங்கியதைப் பார்க்க வேண்டும்! எதிரி வந்தால் மேலிருந்து சரேலென்று இறக்குகிற இரும்புக் கிராதிக் கதவு ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததாம். கதவு போய் நாளாயிற்று. அது ஓடின நீளப் பள்ளம் சுவரில் இருந்தது. எந்நேரமும் காற்று அடிக்கிற இடம். அதில் வரிசையாகப் பன்றித்தொடைகளைக் கட்டித் தொங்கவிட்டாள். வண்டிவழியின் கூரையில் எதிரி தலையில் கொதிதண்ணீர் ஊற்றவென்று வெட்டின துளைகள் உண்டு. அதன் வழியாகக் கயிற்றில் கூடை இறக்கி ரொட்டிக்காரனிடமும் தபால்காரனிடமும் சாமான் வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, இன்சூரன்ஸ் விற்க வந்து நச்சரித்த ஒருத்தன்மேல் ஒரு வாளி கழுநீர் விழுந்தது. கை தவறிவிட்டது என்று ஹெஸ்டர் சொன்னாள். எங்களில் ஒருத்தரும் நம்பவில்லை.

மச்சுக்குப் போகிற படி கோபுரச் சுவருக்குள்ளேயே சுருண்டு சுருண்டு ஏறும். ஒவ்வொரு படியும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கத்தி மாதிரி ஒடுக்கம். கோட்டை பார்க்க வருகிறவர்களிடம் ஐவர் அதைப் பற்றிப் பிரமாதமாக அளப்பார்.

"எல்லாம் வலப்பக்கமா சுத்துது பாத்தீங்களா? மேல நிக்கிற நம்மாளுக்கு வாள வீச எடம் இருக்கு. கீழருந்து வர்றவன் கை சுவத்துல இடிக்கும். அந்தக் காலத்து மூளை!"

"அந்தக் காலத்து மூளை கொஞ்சம் வெளக்கு வைக்கவும் எடம் விட்டிருக்கலாம்" என்பாள் அடுப்படியிலிருந்து ஹெஸ்டர்.

அவளுக்கு அந்த வீட்டில் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் மச்சுப் பலகையை மணல் போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேரென்று வைப்பாள். அதன்மேல் பூட்ஸ் காலோடு எவனும் வரக்கூடாது.

"மச்சுக்குள்ள பூட்ஸோட கால வச்சே, இன்னிக்குச் சோறு தண்ணி கெடையாது சொல்லிட்டேன்" என்றாள் கல்யாணமான புதிதில்.

"எங்க தாத்தா பூட்ஸோடதான் படுப்பாரு."

"அதான் உங்க பாட்டி காது கேக்காத மாதிரியே இருந்து காலத்த ஓட்டியிருக்கா. கழட்டு."

ஐவர் கழற்றினார். சுருள்படியில் பூட்ஸ் வைக்க இடம் கிடையாது; வைத்தால் உருண்டு அடுப்படிக்கே வந்துவிடும். ஆகவே கடைசிப் படியில் உட்கார்ந்து, குனிந்து கயிற்றை அவிழ்த்து, கதவுக்கு உள்ளே இடது பக்கம் கையை நீட்டி, அங்கே விரித்திருந்த சாக்கின்மேல் ஒவ்வொன்றாக வைப்பார். டொக். டொக். கீழே அடுப்படியில் இருக்கிற ஹெஸ்டருக்குத் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்கும். ஆணி அடித்த பூட்ஸ் இரண்டும் வந்து சேர்ந்தாயிற்று, புருஷன் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். முதல் யுத்தத்துக்கு அவர் போயிருந்த வருஷங்களில் அவளுக்கு ஏங்கிப்போனது அந்தச் சத்தத்துக்குத்தான் என்று ஒருமுறை க்வென் பெடோஸிடம் சொன்னாளாம். க்வென் அவளுக்குச் சிநேகிதி. க்வென்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

இன்னொரு பூட்ஸும் அந்த மச்சில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் போட்டுத் தேய்ந்த பூட்ஸில் ஒன்றை மட்டும் புகைபோக்கிப் பக்கமாகச் சுவரில் ஒளித்து வைப்பார்கள். வேண்டாதது எதுவும் புகைபோக்கி வழியே இறங்காது; போட்டவன் கால் அந்த வீட்டில் இடறாது. வைத்ததை எடுக்க மட்டும் கூடாது. ஐவர் நடக்கப் பழகின குட்டிப் பூட்ஸில் ஒன்றை அவருடைய அம்மா கணப்படுப்புக்குப் பக்கத்தில், கோட்டை கட்டினபோது சாரக்கட்டை செருகின சதுரப் பொந்து ஒன்றில் வைத்திருந்தாள். உள்ளங்கை நீளத் தோல், முனை தேய்ந்து, ஒரு பித்தளைப் பொத்தானோடு. ஹெஸ்டர் தூசி தட்டும்போது அதைத் தொடாமல் சுற்றித் தட்டுவாள்.

அவர்களுடைய மகள் நெஸ்டா கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனாள். இரண்டாம் யுத்தம் முடிகிற சமயத்தில் ஐவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து கரைந்து கரைந்து, ஒருநாள் சுத்தமாகப் போய்விட்டது. பாவம் என்று நாங்கள் வாயெடுப்பதற்குள் அவர் வழக்கம்போல வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஏனென்றால் அந்த வீட்டில் அவருக்குக் கண் தேவைப்படவே இல்லை. உருண்டை வீடு அது. சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நடந்தால் அதுவே அடுப்பிடமும் மேஜையிடமும் படியிடமும் கொண்டுபோய் விட்டுவிடும். மூலை என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த மனிதர். கோட்டை பார்க்க வந்தவர்களிடம் அம்புவிடும் சந்துகளைக் கைநீட்டிக் காட்டுவார். பாதிப் பேருக்கு அவருக்குக் கண் தெரியாது என்பதே தெரியாமல் போய்விடும்.

பிறகு எஸ்டேட் பிரபு செத்துப்போனார். வாரிசுக்கு வரி கட்ட வக்கில்லை. கோட்டையை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். பழங்கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிற இலாகாவிலிருந்து ஃபென்விக் என்று ஓர் இளவயதுக் கட்டடக்காரர் அளவுநாடாவோடு வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கல்லைக் குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டார். ஆட்களைத்தான் அவருக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வந்த அன்றைக்கே ஹெஸ்டரின் வெண்ணெய் அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மிஸஸ் ப்ரோசர், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வெண்ணெய் வச்சிருக்கற இந்த எடம்... அந்தக் காலத்துக் கக்கூஸ்."

"தெரியும் சார். முந்நூறு வருஷமா யாரும் உபயோகிக்கல. நல்லாக் கழுவிட்டுத்தான் வச்சிருக்கேன்."

ஐவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஃபென்விக்கும் சிரித்துவிட்டு, அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். இனிமேல் இங்கே குடியிருக்க முடியாது. ஊர்க் கோடியில் கவுன்சில் கட்டியிருக்கிற புது வீடுகளில் ஒன்று தருவார்கள். குழாயும் மின்விளக்கும் குளியல் தொட்டியும் உண்டு.

"எதுக்கு?" என்றார் ஐவர்.

"இது வாயிற்கோபுரம், மிஸ்டர் ப்ரோசர். இதக் கட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஜனங்களுக்குக் காட்டணும். பின்னால சேத்ததையெல்லாம் எடுத்துட்டு, பழைய சுவர நல்லா பலப்படுத்தி..."

"பின்னால சேத்ததுன்னா? என்னையுமா?"

ஃபென்விக்கின் காது சிவந்துபோயிற்று. ஐவர் கையை நீட்டிச் சுவரைத் தொட்டார்.

"மேல மச்சு இருக்கே, அதத் தொடுவீங்களா?"

"அத இன்னும் முடிவு பண்ணல சார்."

கோட்டையைக் கட்டினவன் ஆள் இருக்கத்தானே கட்டினான்? வெறுமனே நின்று பார்க்கவா கட்டினான்? இதை நான் அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். எனக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

வீடு மாறுகிற அன்றைக்கு ஹெஸ்டர் பொந்துக்குள் கை விட்டாள். "இத எடுத்துக்கலாமா, ஐவர்?"

"வேண்டாம். அது வீட்டோடது. எங்கம்மா வச்சது. எடுக்கக் கூடாது."

கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

புது வீட்டைப் பற்றி ஹெஸ்டர் வெகுநாள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. குழாயைத் திருகினதும் தண்ணீர் வந்ததைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. நாற்பது வருஷம் அகழிக் கிணற்றிலிருந்து வாளி சுமந்த தோள் அவளுடையது. குழாய் அவளுக்குப் பிடித்தது. ஸ்விட்சு பிடித்தது. பிடிக்கப் பிடிக்க ஏதோ துரோகம் செய்த மாதிரி அடிமனசு உறுத்தியது, ஏனென்றால் பக்கத்து அறையில் ஐவர் எதிலாவது முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சதுர வீடு. விரலைச் சுவரில் வைத்து நடந்தால் மூலையில் போய் நெற்றி இடிக்கும். எல்லாக் கதவும் ஒரே மாதிரி. சமையலறைக்குப் போகிறவர் துணி அலமாரிக்குள் போய் நிற்பார். ஒரு முக்காலியை ஹெஸ்டர் எங்கே வைத்தாலும் அவர் முழங்கால் கண்டுபிடித்துவிடும்.

"ஒன் வீட்டுல எங்க திரும்பினாலும் ஒரு மூலை" என்பார். நம்ம வீடு என்று ஒருநாளும் வாயில் வரவில்லை. ஒன் வீடு, கவுன்சில் வீடு, டப்பா. "என் கால் அங்கயே இருக்கு, ஹெஸ். அதான் இங்க நடக்க மாட்டேங்குது."

இலை உதிர்கிற காலம் முடிவதற்குள் நடப்பதையே விட்டுவிட்டார். சன்னலோரத்து நாற்காலி. கொடுத்தால் சாப்பாடு. செக்குமாடு மாதிரி உழைத்த மனிதர் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நாள் இந்த நாற்காலியிலேயே போய்விடுவாரோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவள் கடைக்குப் போய்விட்டு வந்தால் போதும்.

"கோட்டைப் பக்கம் போனியா? மச்சு இருக்கா?"

"இருக்கு" என்பாள்.

முதல் தடவை அவள் சொன்னபோது அது நிஜம். குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் கோட்டை மேட்டுக்குப் போனபோது, வேலையாட்கள் சன்னல் வழியாகப் பலகைகளை வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள். அவள் மணல் போட்டுத் தேய்த்த பலகைகள். ஃபென்விக் ஓடி வந்தார்.

"மிஸஸ் ப்ரோசர், வந்து பாருங்களேன், கீழ நின்னு நிமிந்தா உச்சி வரைக்கும் ஒரே வீச்சில தெரியுது. எவ்வளவு அழகு பாருங்க!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழகுதான். கல் வட்டம் வட்டமாக ஏறி உச்சிக் கூரையைத் தொட்டது. நடுவில், அந்தரத்தில், அவளுடைய கணப்படுப்பு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கு எதிரில் படிக்கதவு வாயைத் திறந்துகொண்டு ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அழகாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"மச்சு இருக்கா?" என்றார் ஐவர்.

முகத்தைப் பார்த்தாள். "இருக்கு. அப்படியேதான் இருக்கு."

அதற்கப்புறம் ஊரே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. க்வென் பெடோஸின் புருஷன் அந்தப் பலகையில் பாதியை வாங்கிக் கோழிக்கூண்டு அடித்தான். கூண்டு எதில் செய்தது என்று ஐவரிடம் ஒரு குஞ்சும் மூச்சு விடவில்லை. நானும்தான். நல்லது செய்கிறோம் என்று நினைத்தோம்.

"ஒரு தடவ என்னக் கூட்டிட்டுப் போயேன், ஹெஸ்" என்று கேட்க ஆரம்பித்தார்.

"மொதல்ல வேலை முடியட்டும். வழியெல்லாம் கல்லு."

"அந்தக் குட்டிப் பூட்ஸ எடுத்தாந்துடலாம்னு பாக்கறேன். எடுக்கக் கூடாதுன்னு சொன்னது வீட்டுல ஆள் இருக்கறவரைக்கும்தானே? இப்ப அது யாருக்குக் காவல் இருக்கு? காக்காய்க்கா?"

"எடுக்கலாம், எடுக்கலாம். வெயில் வரட்டும்."

வெயில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெஸ்டர் தேவாலயத்துக்குப் போனாள். ஐவர் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டார். இருமிக்கூடக் காட்டினார். கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வந்தபோது, பாதிப் பிரசங்கத்தில் நழுவி வந்து மதிலோரம் நின்றிருந்த க்வென் எட்டிப் பிடித்தாள்.

"என்னடி ஹெஸ்டர், ஒன் கிழவனுக்கு ஒடம்பு தேவலையா? ஞாயித்துக்கிழமை சூட்டும் பூட்ஸுமா கைத்தடியத் தட்டிக்கிட்டு மேட்டுல ஏறிப் போறாரே! மாப்பிள்ளை மாதிரி!"

"எந்த மேடு?"

"எந்த மேடா? கோட்டை மேடு."

ஹெஸ்டர் பாட்டுப் புத்தகத்தை க்வென் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அறுபதைத் தொட்ட பெண்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, நடுத்தெருவில் ஓடினால் எங்கள் ஊரில் ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள். பேசட்டும் என்று ஓடினாள். கீழ்ப்படியில் ஃபென்விக்கின் ஆட்கள் குறுக்கே ஒரு கயிறு கட்டி, ஒரு பலகை மாட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். 'அபாயம். மேலே தளம் இல்லை. ஏறாதீர்கள்.' கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்தைப் படிக்கக் கண் வேண்டுமே! கயிறோ, ஆட்டுக்குட்டி ஏறாமலிருக்க அவரே எத்தனையோ தடவை கட்டின மாதிரிக் கயிறு. அதைத் தூக்கிவிட்டுப் போவார். மேலே போய், அவள் ஆறு மாசமாக இருக்கிறது இருக்கிறது என்று சொன்ன மச்சுக்குள் காலை எடுத்து வைப்பார்.

"கடவுளே, என் நாக்கு அழுகிப்போகட்டும். அந்த மனுஷன விட்டுடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினாள்.

முன்வாசல் பூட்டியிருந்தது. பின்னால் அகழிப் பக்கம் திட்டிவாசல், ஐவர் சின்ன வயசிலிருந்து நுழைகிற சந்து, திறந்து கிடந்தது. அதற்குள் புகுந்து, கோபுரத்தைச் சுற்றி, பழைய அடுப்படிக்குள் போனாள். தரையில், சரளைக்கல் பரப்பில், ஒரு பூட்ஸ் கிடந்தது.

பூட்ஸ் மட்டும்தான் கிடந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை.

"யாரு அது?" என்று மேலே உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

நிமிர்ந்தாள். அந்தரத்துக் கதவில், கடைசிப் படியில், ஐவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் அவள் பின்னின சாம்பல் நிறக் காலுறை.

"நகராத! அப்படியே இரு! நான் வர்றேன்."

"நகந்தா எங்க போறது?"

சுருள்படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கீழ்த்திருப்பத்தில் கயிறு ஒழுங்காக ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேலே அவருக்குப் பின்னால், படி அகலமாக இருக்கிற பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மேல்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வழக்கம்போல ஒக்காந்து கழட்டினேன்" என்றார் ஐவர். "கைய உள்ள விட்டு சாக்கு மேல வச்சேன். டொக்குன்னு கேக்கணும். கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு ரொம்பக் கீழ ஏதோ விழுந்துச்சு. என்னடா இதுன்னு கைத்தடிய உள்ள நீட்டினேன். காத்துதான் இருந்துச்சு."

"ஐவர்..."

"இருக்கு இருக்குன்னியே."

ஹெஸ்டர் அழுதாள். குழாயடியில் அழுத மாதிரி இல்லை. இது வேறு அழுகை. "நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன். அந்த நாற்காலியில ஒக்காந்துட்டு அந்த ஒரு கேள்வியத்தான் கேட்ட. இல்லன்னு சொன்னா அதுவும் நின்னுபோயிடுமோன்னு..."

அவர் பின்பக்கமாகக் கையை நீட்டி அவள் தொப்பியைத் தொட்டார். ஓடின ஓட்டத்தில் அது காதுக்கு வந்திருந்தது. அதை நேராக வைத்துவிட்டார்.

"நாப்பது வருஷமா கழட்டு கழட்டுன்னு உயிர வாங்கின. இன்னிக்குத்தான் தெரியுது, எதுக்குன்னு."

அவளுக்கு அழுகைக்கு நடுவிலே சிரிப்பு வந்தது. வந்ததும் இன்னும் அழுதாள்.

"சரி, இப்ப நெசத்தச் சொல்லு. என்ன தெரியுது?"

சொன்னாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பலகை போய்விட்டது, க்வென் வீட்டுக் கோழி அதன்மேல் முட்டையிடுகிறது. உத்திரம் போய்விட்டது, அது இருந்த பொந்துகள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. அவர் அப்பா அடித்த வெள்ளை, நெஸ்டா கரியால் கிறுக்கின குதிரை, எல்லாம் சுரண்டியாயிற்று. கணப்படுப்பு இருக்கிறது. அதன் முதுகில் நாற்பது வருஷத்துக் கரி அப்படியே இருக்கிறது. அதை எவனாலும் எடுக்க முடியவில்லை போல. படுக்கை இருந்த இடத்தில் ஒரு புறா பறக்கிறது.

"பொந்து?"

அவள் எட்டிப் பார்த்தாள். கணப்படுப்புக்குப் பக்கத்தில், வெட்டவெளிக்கு அந்தப் பக்கம், யார் கைக்கும் எட்டாத உயரத்தில் அந்தச் சதுரப் பொந்து இருந்தது. அதன் விளிம்பில் பொத்தான் ஒன்று வெயில் பட்டு மினுங்கியது.

"இருக்கு" என்றாள்.

ஆறு மாசமாக அவள் சொன்ன அதே சொல், அதே குரல். அவளுக்கே அது பொய் மாதிரி ஒலித்தது.

"சத்தியமா, ஐவர். பித்தளைப் பொத்தான் தெரியுது. முனை இந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கு. எப்பவும் குதிகால்தானே இந்தப் பக்கம் இருக்கும்? நான் அன்னிக்குக் கைய விட்டேனே, அப்ப திருப்பி வச்சிருக்கேன் போல."

ஐவர் தலையைத் திருப்பினார். "முனை வெளியவா?"

"ஆமா."

"அப்ப நெசந்தான். பொய் சொல்றவ குதிகால்னு சொல்லியிருப்பா." புறா சிறகடித்த பக்கம் காதைத் திருப்பினார். "இருக்கட்டும் விடு. அங்கருந்து எவனும் எடுக்கப்போறதில்ல. நான் இல்லாட்டியும் என் கால் இங்க நிக்கட்டும்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மேஜை எங்கே இருந்தது, முதல் யுத்தத்திலிருந்து அவர் வந்த அன்றைக்கு எந்தச் சன்னலில் விளக்கு வைத்தாள், நெஸ்டா எந்தத் துளை வழியாகப் பூனையைக் கூடையில் இறக்கினாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண் இருக்கிறவளுக்கு எதிரில் ஒன்றும் தெரியவில்லை. அவர்தான் விரலை நீட்டி நீட்டி இங்கே, அங்கே என்று காட்டினார். ஒன்றைக்கூடத் தவறாகக் காட்டவில்லை. அத்தனை சந்தோஷமாகவும் அத்தனை வலியாகவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அதற்கு முன்பு வாய்த்ததில்லை.

படி இறங்கும்போது அவர் முன்னால் போனார், விரல் சுவரில். அவள்தான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வந்து சரளையில் கிடந்த பூட்ஸை எடுத்துப் பார்த்தாள். விழுந்த வேகத்தில் அடிப்பாகம் வாய் பிளந்திருந்தது.

"இனிமே இத போட முடியாது" என்றாள்.

"எறிஞ்சுடாத. கொண்டா" என்றார் ஐவர்.

மேட்டிலிருந்து அவர் ஒற்றைப் பூட்ஸோடு இறங்கி வந்ததை ஊரே சன்னல் வழியாகப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐவர் அந்தக் கிழிந்த பூட்ஸை ஹெஸ்டர் கையில் கொடுத்தார். "எங்கயாவது வை."

"எங்க வைக்கறது? சுவரா இது? ஆணி அடிச்சா அடுத்த வீட்டுல வெளிய வரும்."

தேடினாள். புகைபோக்கி என்று ஒன்று இருந்தது, கைகூட நுழையாத குழாய். கடைசியில் குளியல் தொட்டியின் பக்கப்பலகையைக் கரண்டியால் நெம்பி, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருட்டாக இருந்த இடத்தில் பூட்ஸை வைத்து, பலகையைத் திரும்ப அழுத்தி மூடினாள். கவுன்சில்காரர்கள் வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் யோசித்தாள். பின்னால் சேர்த்தது என்பார்கள். சொல்லட்டும்.

"வச்சாச்சா?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

"வச்சாச்சு. குழாய்க்குப் பக்கத்துல."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, யாரும் கூப்பிடாமல், தானாக எழுந்தார். காலுறைக் காலோடு, சமையலறையை ஒட்டின குளியலறைப் பக்கம் வந்தார். ஹெஸ்டர் தூசிக் கையைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மூலை தாண்டினார். கதவைச் சரியாகப் பிடித்தார். அதற்கு அடுத்த அடியில் முக்காலியில் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டார்.

"எழவு முக்காலி! நம்ம வீட்டுல இத எவ இங்க கொண்டாந்து வச்சது?" என்று கத்தினார்.

"நான்தான்" என்றாள் ஹெஸ்டர். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் வச்சேன்" என்று திரும்பவும் சொன்னாள்.